உருளைச் செடியில் காய்த்த காயை விதைக்கலாமா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் கார்போக உருளை போட்டிருக்கிறோம். சில செடிகளில் பச்சைத் தக்காளி மாதிரி சின்னக் காய்கள் தொங்குகின்றன. உள்ளே நிறைய விதை. இதை விதைத்தால் விதைக்கிழங்குச் செலவு மிச்சமாகுமா?

பதில்: முதலில் அந்தக் காயைக் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொலனின் என்ற நச்சு அதில் இருக்கிறது.

மிச்சமாகாது. கிழங்கை வெட்டி நடும்போது தாய்ச்செடியே மறுபடி முளைக்கிறது. அதனால்தான் குப்ரி ஜோதி என்ற ரகம் எத்தனை போகம் போட்டாலும் குப்ரி ஜோதியாகவே இருக்கிறது. காயிலுள்ள விதை அப்படியல்ல. நாம் பயிரிடும் உருளையில் ஒவ்வொரு மரபணுவுக்கும் நான்கு பிரதிகள் உண்டு. நான்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மகரந்தம் சேர்ந்து விதை உண்டாகும்போது அவை கலைந்து புதிதாகச் சேர்கின்றன. ஒரே காயில் நூறு விதை இருந்தால் நூறும் நூறு ரகம். அதே செடியின் மகரந்தத்தில் பிடித்த காய் என்றால் பிள்ளைச் செடிகள் நோஞ்சானாகவும் போகும். முதல் போகத்துக் கிழங்கும் சிறிதாகவே இருக்கும். சந்தைக்கு ஆகாது.

ஆனால் புது ரகம் உருவாக்குகிறவர்களுக்கு இந்தக் கலப்புதான் மூலதனம். சிம்லா அருகே குப்ரியில் கோடையின் நீண்ட பகலில் உருளை நன்றாகப் பூக்கும். அங்கே ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொரு ரகத்தின் பூவில் சேர்த்து, வரும் ஆயிரக்கணக்கான நாற்றுகளில் தேறாதவற்றைப் பல வருடம் ஒதுக்கிக்கொண்டே வந்து ஒன்றிரண்டை எடுப்பார்கள். நம் மலைக்கு அதனால் கிடைத்த நன்மை பெரிது. 1961-இல் நீலகிரியில் உருளை வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இருப்பது தெரிந்தது. ஊரெல்லாம் ஒரே மாதிரிச் செடி நின்றால் புழு எல்லா வேரிலும் ஒரே சுலபத்தில் பெருகும். அதன் கூடு மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். இந்தப் புழுவைத் தாங்கும் குணம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையின் காட்டு உருளை ஒன்றில் இருந்தது. அதன் வழியில் வந்த செடியைக் குப்ரி ஜோதியோடு சேர்த்துத்தான் 1985-இல் வெளியான குப்ரி ஸ்வர்ணா ரகம் வந்தது. அந்த வேருக்குள் புழு நுழைந்தாலும் பெருக முடியாது. காட்டுச் செடிகளைக் காப்பாற்றி வைத்திருக்காவிட்டால் இந்தக் குணத்தை எங்கே போய்த் தேடுவது? இதை நம் விவசாயிகள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சரி, உங்கள் தோட்டத்துக்கு வருவோம். காய்களைப் பறித்து அப்புறப்படுத்துங்கள். கீழே விழுந்தால் அடுத்த போகத்தில் கேரட்டுக்கும் கோஸுக்கும் நடுவே உருளை நாற்று முளைக்கும், நூற்புழுவுக்கும் தீனி கிடைக்கும். விதைக்கிழங்கை நம்பகமான இடத்தில் வாங்குங்கள். ஊட்டி அருகே முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு, புழு தாங்கும் ரகத்தையும் மாற்றுப் பயிர்களையும் சுழற்சியில் போடுங்கள். தாங்கும் ரகம் என்று அதையே வருடம் தவறாமல் போட்டாலும் அதை மீறும் புழு மெல்லத் தலையெடுக்கும்.