பெர்ரி சாப்பிட்டால் மறதி குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 63. தெரிந்தவரின் பெயர் தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது, வெளியே வருவதில்லை. சாவியை எங்கே வைத்தேன் என்று தினமும் தேடுகிறேன். புளூபெர்ரி சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடும் என்கிறாள் மகள். மாத்திரையாகவும் கிடைக்கிறதாம். சாப்பிடலாமா?

பதில்: தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் பழமாக. மாத்திரைக்குச் செலவழிக்க வேண்டாம்.

ஒரு புளூபெர்ரியை விரலால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே சதை வெளிறிப்போய் இருக்கும். கருநீலம் முழுக்கத் தோலில்தான். அந்த நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின். எலிகளுக்குப் புளூபெர்ரி கொடுத்துப் பார்த்தபோது, மூளையில் நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வரை இந்தப் பொருள் போய்ச் சேர்ந்திருந்தது. ஜூஸாக வடிகட்டினால் தோல் போய்விடுகிறது, ஜாமில் சர்க்கரை ஏறிவிடுகிறது. அதனால்தான் முழுப் பழம் என்கிறேன். ஃப்ரீஸரில் உறையவைத்ததும் சரிதான்.

மூளைக்கு நல்லது என்ற பேச்சுக்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 70 வயது கடந்த 16,010 பெண்களைக் கவனித்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. புளூபெர்ரியும் ஸ்ட்ராபெர்ரியும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நினைவாற்றல் மெதுவாகவே குறைந்தது. மூளையின் முதுமை இரண்டரை ஆண்டு வரை தள்ளிப்போனதுபோல் இருந்தது. வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை சாப்பிட்டவர்கள்தான் அவர்கள், கிலோ கணக்கில் அல்ல. ஆனால் பெர்ரி சாப்பிடுகிறவர்கள் நடைப்பயிற்சி, நல்ல சாப்பாடு என்று மற்றதிலும் அக்கறையாக இருப்பார்கள். எது பழத்தால், எது அந்த அக்கறையால் என்று பிரிப்பது கடினம். பெர்ரி, கீரை, கொட்டைகள் சேர்ந்த 'மைண்ட்' உணவுமுறையை 604 பேரிடம் மூன்று ஆண்டுகள் சோதித்தார்கள். 2023-ல் வந்த முடிவு, வழக்கமான உணவையே அளவு குறைத்துச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. போன ஞாபகத்தைப் பழம் மீட்டுத் தரும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

என் கவலை வேறு. உங்கள் வயதில் மறதிக்கு வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் என்று சரிசெய்யக்கூடிய காரணங்களே பல உண்டு. காது மந்தமானாலும் மறதி போலத் தெரியும். இவற்றைப் பார்க்காமல் பழத்தோடு ஆறு மாதம் ஓட்டிவிடுவது தப்பு. தெரிந்த பாதையில் வழி தவறினாலோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அப்புறம், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் கிரான்பெர்ரி தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்த வாரமே பொது மருத்துவரைப் பாருங்கள். மகளையும் கூட்டிச் செல்லுங்கள். உங்களுக்குத் தெரியாத மாற்றம் அவர் கண்ணில் பட்டிருக்கலாம்.