மாடி ஒழுகலை நீங்களே பார்க்கலாம், ஷாக் அடிக்கும் போர்டை அல்ல

காட்பாடியில் 20 வருட வீடு, மழை பெய்தால் ஹால் ஃபேன் கொக்கியைச் சுற்றி ஈரம், சுவிட்ச் போர்டைத் தொட்டால் சுருக்கென்கிறது, ஆள் கூப்பிடாமல் நானே சரி செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் மெயினை இறக்கிவிடுங்கள், இப்போதே. தளத்து ஈரம் ஒயர் போகும் பைப் வழியாகவே போர்டு வரை இறங்கிவிடும், அதில் கை வைக்காதீர்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சரிபார்க்கட்டும், கரண்ட் கசிந்தால் தானாகவே சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லையென்றால் அதையும் போடச் சொல்லுங்கள்.

மாடி வேறு விஷயம். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு வந்த மேஸ்திரி தளம் முழுக்கப் பெயர்க்கணும் என்றார். மேலே போய்ப் பார்த்தால் மழைத்தண்ணீர்க் குழாயின் வாயில் வேப்பிலையும் புறா இறகும் மண்ணோடு சேர்ந்து அடை மாதிரி இறுகிக் கிடந்தது, அதைக் கம்பியால் கிளறி எடுத்து, சுற்றியிருந்த வெடிப்பை அடைத்ததும் ஒழுகல் நின்றுவிட்டது.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். மயிரிழை வெடிப்பு என்றால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கிராக் ஃபில்லர் வைத்து, மேலே வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் இரண்டு தடவை, இரண்டாவதைக் குறுக்குவாக்கில் அடியுங்கள். நம்ம வேலூர் வெயிலில் மத்தியானம் அடித்தால் பிடிப்பதற்குள் காய்ந்துவிடும், விடியற்காலையில் அடிப்பதுதான் சரி. சீலிங்கில் காரை உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? அப்படியென்றால் பூசி மறைக்காமல் சிவில் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். எதுவானாலும் ஐப்பசி அடைமழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.