மாற்று ஆசிரியராகப் போன இடத்தில் அடங்காத தொடக்கப் பள்ளி வகுப்பை எப்படிச் சமாளிப்பது?

முதல் நாளே தோற்றுப் போனவள் என்கிற தகுதியில் எழுதுகிறேன்.

2022இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தார்கள் அல்லவா, அப்போது ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தேன். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய். அங்கிருந்த டீச்சர் மாறுதலில் போயிருந்தார். ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறை, 31 பிள்ளைகள். தனியார் பள்ளியில் நான்கு வருடம் குப்பை கொட்டிய தெம்பில், போனதும் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து வாயில் விரல் வைக்கச் சொன்னேன். பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுத ஒரு பெண்ணை நிறுத்தினேன்.

மதியத்துக்குள் 19 பெயர்கள். அதில் இடம்பிடிக்காத பிள்ளைகள், "என் பெயரையும் எழுது" என்று அவளிடம் கெஞ்சத் தொடங்கிவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், பட்டியலின் அடியில் கோணல் எழுத்தில் "டீச்சர்" என்று இருக்கிறது. அறை முழுக்க என் முகத்தையே பார்க்கிறது. காலையிலிருந்து அதிகம் பேசியது நான்தானே! சிரித்துவிட்டேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

தப்பு எங்கே என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. "எங்கள் டீச்சர் இப்படிச் செய்யமாட்டார்கள்" என்று அன்று குறைந்தது பத்து முறை கேட்டிருப்பேன். திமிர் என்று நினைத்தேன். உண்மையில் அவர்கள் எனக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு ஜூனில்தான், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் பழக்குகிற எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்திருந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி குழுவாக உட்கார்ந்து, பாட்டும் அட்டையுமாகப் படித்துப் பழகிய பிள்ளைகளை நான் வரிசையில் அடைத்திருக்கிறேன்.

மறுநாள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவில் தரையில் உட்கார்ந்தேன். பாட்டு எப்போது? தண்ணீர் குடிக்க எப்போது விடுவார்? நோட்டுகளை யார் கொடுப்பது? எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள், கூச்சல்தான், ஆனால் எனக்குப் பதில் சொல்லும் கூச்சல். "தினமும் இரண்டு மணிக்கு விளையாட விடுவார்கள்" என்றான் ஒருவன். "பொய் டீச்சர், வெள்ளிக்கிழமை மட்டும்தான்" என்று இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி உடனே போட்டுக்கொடுத்தாள். பழைய டீச்சர் இரண்டு முறை கைதட்டினால் பிள்ளைகள் மூன்று முறை தட்டிவிட்டு அமைதியாவார்களாம். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். உங்கள் புதுமைகளை இரண்டு வாரத்துக்குப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

பிரம்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை செய்கிறது, அதனால் அந்தப் பேச்சே வேண்டாம். "பெரிய சாரிடம் அனுப்பிவிடுவேன்" என்ற மிரட்டலும் வேண்டாம். அப்படிச் சொன்ன நிமிடமே இந்த அறையில் எனக்கு மதிப்பில்லை என்று நாமே அறிவித்துவிடுகிறோம்.

உண்மையான சோதனை சாப்பாட்டுக்குப் பிறகான முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் எழுதச் சொன்னால் தீர்ந்தது. குழுவுக்கு இரண்டு கை புளியங்கொட்டை கொடுத்து, எத்தனை இருக்கும் என்று முதலில் ஊகிக்கச் சொல்வேன். பிறகு பத்துப் பத்தாகக் குவித்து எண்ண வேண்டும். சத்தம் குறையாது. ஆனால் "அறுபத்து நான்கு", "இல்லை, நீ ஒன்றை ஒளித்துவிட்டாய்" என்கிற சத்தமாக இருக்கும்.

ஒரே ஒரு நாளுக்குப் போகிறீர்கள் என்றால் நோட்டு எடுத்துக் கேட்கவெல்லாம் நேரமில்லை. மணி அடிக்கும் முன் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள், கையில் ஒரு கதையும் ஒரு விளையாட்டும் வைத்திருங்கள்.

எல்லோரும் வழிக்கு வந்துவிட்டார்கள் என்று சொன்னால் பொய். கரும்பலகையில் என் பெயரைச் சேர்த்தவனை, அங்கிருந்த மாதங்களில் ஒரு நாள்கூட என்னால் முழுதாக உட்காரவைக்க முடியவில்லை. சன்னல் திண்டில் நோட்டை வைத்து நின்றுகொண்டே எழுதுவான். எழுதுகிறானே என்று விட்டுவிட்டேன்.