மகளின் ஆக்குபேஷனல் தெரபி படிப்புக்கு 401கே பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் 19 வருடமாக இருக்கிறோம். மகளுக்கு 22 வயது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் சைக்காலஜி முடித்திருக்கிறாள், அதற்குக் கடன் எதுவும் வாங்கவில்லை. மூன்று வருடம் முன்பு என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை பலமிழந்துவிட்டது. வீட்டுக்கு வந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குபவர்) முதலில் கேட்டதே, "காலையில் எழுந்ததும் என்ன வேலை செய்வீர்கள்?" என்றுதான். மகள்தான் மொழிபெயர்த்தாள். "தோசை வார்ப்பேன்" என்றார் அத்தை. அடுத்த முறை அந்தப் பெண் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் நுரைக் குழலில் ஒரு துண்டு கொண்டுவந்து, எங்கள் தோசைக் கரண்டியின் காம்பில் மாட்டிவிட்டார். காம்பு தடிமனானதும் அத்தையின் விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டன. அன்றைக்கே மகள் இந்தப் படிப்புதான் என்று முடிவு செய்துவிட்டாள்.

இப்போது இரண்டு இடத்தில் சீட் கிடைத்திருக்கிறது. ஒன்று, தனியார் பல்கலைக்கழகத்தில் மூன்று வருட டாக்டரேட். வெளியூரில் தங்கும் செலவோடு மொத்தம் 1,90,000 டாலர். இன்னொன்று, மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டரை வருட மாஸ்டர்ஸ். கட்டணம் 68,000 டாலர், வீட்டிலிருந்தே போய் வரலாம். இரண்டும் வரும் ஆகஸ்ட் 2026-ல் தொடங்குகின்றன. மகள் பெயரில் படிப்புக்கான 529 சேமிப்புக் கணக்கில் 38,000 டாலர் இருக்கிறது. கணவருக்கு 54 வயது, ஐடி வேலை, ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே-வில் 3,10,000 டாலர். மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். 2027 முதல் டாக்டரேட் இல்லாமல் இந்த வேலைக்கே போக முடியாது என்று கணவரின் நண்பர் சொன்னாராம். அதனால் 401கே-விலிருந்து எடுக்கலாம், இல்லாவிட்டால் கும்பகோணம் பக்கம் இருக்கும் நிலத்தை விற்கலாம் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்த 2027 விஷயத்தைச் சரிசெய்துவிடலாம், மற்ற எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. உங்கள் கணவரின் நண்பர் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஏகோட் அமைப்பு, 2027-க்குள் எல்லாக் கல்லூரிகளும் டாக்டரேட்டுக்கு மாற வேண்டும் என்று 2017 ஆகஸ்டில் அறிவித்தது உண்மை. ஆனால் அதை நிறுத்தி வைத்து, 2019-ல் மாஸ்டர்ஸ், டாக்டரேட் இரண்டு வழியிலும் தொழிலுக்கு வரலாம் என்று முடிவாகிவிட்டது. அறிவிப்பு பரவிய அளவுக்கு அது கைவிடப்பட்ட செய்தி பரவவில்லை. பிசியோதெரபிக்கு இந்நாட்டில் டாக்டரேட்தான் வழி என்பதும் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது.

எந்தப் பட்டம் வாங்கினாலும் உங்கள் மகள் எழுதப்போவது இந்தத் தொழிலுக்கான தேசியச் சான்றிதழ் வாரியம் என்பிசிஓடி நடத்தும் அதே ஒரு தேர்வு. வாங்கப்போவது அதே மாநில லைசென்ஸ். மருத்துவமனையிலும் பள்ளியிலும் வேலைக்கு எடுக்கும்போது முதலில் பார்ப்பதும் அந்த லைசென்ஸைத்தான். தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி மே 2024-ல் இந்தத் தொழிலின் இடைநிலைச் சம்பளம் வருடத்துக்கு 98,340 டாலர். நல்ல சம்பளம், வேலைவாய்ப்பும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் புதிதாகச் சேருகிறவருக்கு டாக்டரேட் பட்டத்துக்காகவே 1,00,000 டாலர் கூடுதல் செலவை ஈடுகட்டும் அளவுக்குச் சம்பளம் கூடாது. கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும், ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று மகளுக்கு இப்போதே தெளிவான ஆசை இருந்தால் அது வேறு பேச்சு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. எனக்குத் தெரிவதெல்லாம் அந்தத் தோசைக் கரண்டிதான். அந்த வேலைக்கு மாஸ்டர்ஸ் போதும்.

சரி, பணத்துக்கு வருவோம். 2025-ல் நிறைவேறிய சட்டத்தால், ஜூலை 1, 2026-க்குப் பிறகு புதிதாகக் கடன் வாங்கும் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்குக் கிராட் பிளஸ் கடன் கிடையாது. அதுவரை கல்லூரி சொல்லும் மொத்தச் செலவு வரைக்கும் அரசிடமே கடன் வாங்க முடிந்தது. இனி வருடத்துக்கு 20,500 டாலர், மொத்தமாக 1,00,000 டாலர், அவ்வளவுதான். மருத்துவம், சட்டம் போன்ற சில படிப்புகளுக்கு மட்டும் வருடம் 50,000 டாலர் வரை உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஆக்குபேஷனல் தெரபி இல்லை. இது சரியல்ல என்பது என் கருத்து. பக்கவாதம் வந்தவரைத் திரும்ப அடுப்படியில் நிற்க வைக்கிற படிப்பு எந்த விதத்தில் குறைந்தது? ஆனால் உங்கள் மகள் சட்டம் எப்படி இருக்கிறதோ அதன்படிதான் கணக்குப் போட்டாக வேண்டும்.

தனியார் பல்கலைக்கழகத்தின் 1,90,000-ல் 529 பணம் 38,000 போனால் 1,52,000 மிச்சம். மூன்று வருட அரசுக் கடன் 61,500. பாக்கி 90,500 டாலருக்குத் தனியார் வங்கியிடம் போக வேண்டும். சம்பளமே இல்லாத 22 வயதுப் பெண்ணுக்கு எந்த வங்கியும் தனியாக அவ்வளவு தராது. உங்கள் கணவரைக் கூட்டுக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள்.

மாநிலப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் 68,000. அதோடு இன்னும் 12,000 சேர்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன், இந்தப் படிப்பில் பெற்றோர் கணக்கில் விட்டுவிடுகிற இடம் இதுதான். வகுப்புகள் முடிந்ததும் 24 வாரம் முழுநேரக் களப்பயிற்சி உண்டு. பெரும்பாலும் 12 வாரம் ஓரிடம், 12 வாரம் இன்னோரிடம். அநேகமாக எங்குமே சம்பளம் தருவதில்லை, ஆனால் அந்த மாதங்களுக்கும் கல்லூரிக்குக் கட்டணம் கட்ட வேண்டும். பகலெல்லாம் மருத்துவமனையில் நின்றுவிட்டு வருகிற பிள்ளையால் மாலையில் பகுதிநேர வேலைக்குப் போக முடியாது. என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒரு குடும்பத்துப் பெண்ணுக்கு முதல் 12 வாரம் பக்கத்து ஊர்ப் பள்ளியில் அமைந்தது. இரண்டாவது, பென்சில்வேனியாவின் மேற்கு ஓரத்தில் ஒரு மருத்துவமனை, காரில் ஐந்து மணி நேரம். இங்கே அறைக்கு ஒப்பந்தம் முடியவில்லை, அங்கே புதிதாக ஓர் அறை. மூன்று மாதம் இரட்டை வாடகை கட்டினார்கள். அப்பா நான்கு வருடம் முன்பே போட்டு வைத்திருந்த எக்செல் கணக்கில் அதற்கென்று ஒரு வரிசையே இல்லை. டாக்டரேட்டில் இந்த 24 வாரத்துக்கு மேல் இன்னும் 14 வாரம் கேப்ஸ்டோன் என்னும் இறுதித் திட்டப் பயிற்சி இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

ஆக 80,000-ல் 529 பணத்தைக் கழித்தால் 42,000. இந்த முழுத் தொகையும் அரசுக் கடன் வரம்புக்குள்ளேயே வந்துவிடுகிறது. தனியார் வங்கி, கூட்டுக் கையெழுத்து, 401கே, நிலம் எதுவுமே வேண்டாம்.

மாதத் தவணையாகப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். பட்டமேற்படிப்புக்கான அரசுக் கடன் வட்டி 2025-26 கல்வியாண்டில் 7.94 சதவீதம். ஒவ்வொரு ஜூலையிலும் புது விகிதம் வரும், நான் 8 என்று வைத்துக்கொள்கிறேன். இந்தக் கடனில் படிக்கும்போதே வட்டி ஓடும். 42,000 வாங்கினால் படிப்பு முடியும்போது ஏறக்குறைய 48,500 ஆகியிருக்கும். பத்து வருடத்தில் அடைப்பதாக இருந்தால் மாதம் 590 டாலர். புதிய விதிப்படி இந்த அளவு கடனுக்கு வழக்கமான தவணைக் காலம் 15 வருடம், ஆனால் முன்கூட்டியே கட்டினால் அபராதம் இல்லை. டாக்டரேட் வழியில், தனியார் கடனுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்தால், இரண்டு கடனும் சேர்ந்து மாதம் 2,300 டாலர். தொடக்கச் சம்பளம் 78,000 என்று கொள்வோம். நியூ ஜெர்சியில் வரி, மருத்துவக் காப்பீடு எல்லாம் போக மாதம் 4,900 டாலர் கைக்கு வரும். அதில் 590 கட்டுகிற பெண் தனக்கென்று வீடு பார்க்கலாம், கார் வாங்கலாம். 2,300 கட்டுகிற பெண்ணுக்குச் சம்பளத்தில் பாதிக்கு அருகில் போய்விடும், பத்து வருடத்துக்கு.

"பொதுச் சேவைக் கடன் தள்ளுபடி இருக்கிறதே, அதில் கழிந்துவிடாதா?" என்று கேட்பீர்கள். அரசுப் பள்ளியிலோ லாப நோக்கமற்ற மருத்துவமனையிலோ முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டே 120 மாதத் தவணை கட்டினால், மீதி அரசுக் கடன் தள்ளுபடியாகும். இந்தத் தொழிலில் பள்ளி வேலைகள் நிறைய உண்டு என்பதால் நல்ல வாய்ப்புதான். ஆனால் தள்ளுபடி அரசுக் கடனுக்கு மட்டும். அந்த 90,500 டாலர் தனியார் கடனில் ஒரு டாலர்கூடக் குறையாது. லாப நோக்கில் நடக்கும் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலை பார்த்தால் அந்த மாதங்கள் கணக்கில் சேராது. வருமானத்துக்கேற்பத் தவணை கட்டும் புதிய ஆர்ஏபி திட்டத்தில் வருமானத்தில் குறிப்பிட்ட சதவீதம் தவணையாகப் போகும். 78,000 சம்பளத்துக்கு 7 சதவீதம், அதாவது மாதம் 455 டாலர். சம்பளம் ஏற ஏற அதுவும் ஏறும். 42,000 கடனுக்குப் பத்து வருடம் அப்படிக் கட்டிய பின் தள்ளுபடிக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. கிடைத்தால் வாங்கிக்கொள்ளட்டும், அதை நம்பிக் கடனைக் கூட்ட வேண்டாம்.

இப்போது உங்கள் கணவரின் 401கே. ஒரு தகப்பன் பெண்ணுக்காகத் தன் ஓய்வுக்காலப் பணத்தை எடுத்து வைக்கத் துணிவது சாதாரணம் இல்லை, அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் வேண்டாம். அதிலிருந்து கடனாக எடுத்தால் அதிகபட்சம் 50,000 டாலர், ஐந்து வருடத்தில் திருப்ப வேண்டும். இடையில் வேலை போனால், அந்த வருட வருமான வரித் தாக்கல் தேதிக்குள் மீதியைக் கட்டியாக வேண்டும். கட்ட முடியாவிட்டால் அது எடுத்த பணமாகக் கருதப்பட்டு வருமான வரி விழும்; அவருக்கு 55 வயது ஆகும் வருடத்துக்கு முன்பே வேலை போயிருந்தால் 10 சதவீத அபராதமும் சேரும். ஐடி-யில் ஆட்குறைப்பு நடக்கும் வேகம் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கடனாக இல்லாமல், வேலையில் இருந்துகொண்டே நேரடியாக எடுத்தாலும், 59 வயது 6 மாதம் ஆகாததால் அதே வரி, அதே அபராதம். படிப்புச் செலவுக்கு அபராத விலக்கு ஐஆர்ஏ என்னும் தனிநபர் ஓய்வுக்காலக் கணக்குக்கு உண்டு, 401கே-வுக்கு இல்லை.

இன்னொரு காரணம் உங்கள் மகன். அவன் 2028-ல் கல்லூரிக்குப் போவான். பெற்றோர் வாங்கும் பேரண்ட் பிளஸ் கடனுக்கும் இப்போது ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. அக்காவுக்காக அப்பா 90,500 டாலருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால், தம்பியின் முறை வரும்போது உங்கள் கை கட்டிப்போடப்பட்டிருக்கும்.

நிலத்தைப் பொறுத்தவரை, அவசரத்துக்கு விற்றால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். விவசாய நிலத்தை நீங்கள் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்க முடியும். பணம் வெளிநாட்டில் வசிப்போருக்கான என்ஆர்ஓ வங்கிக் கணக்குக்கு வந்து, ஆடிட்டர் சான்றோடு வரிப் படிவங்கள் போட்டு இங்கே வந்து சேர்வதற்குள் முதல் செமஸ்டர் முடிந்துவிடும். இங்கேயும் அந்த விற்பனையை வரிக் கணக்கில் காட்ட வேண்டும். விற்பதானால் நல்ல விலை வரும்போது, நிதானமாக, வேறொரு காரணத்துக்காக விற்றுக்கொள்ளுங்கள்.

529 பணத்தை முதல் செமஸ்டரிலேயே காலி செய்ய வேண்டாம். அரசுக் கடனை ஒவ்வொரு வருடத்துக்கும் தேவையான அளவு எடுத்துக்கொண்டு, 529-ல் 12,000 டாலரையாவது களப்பயிற்சிக் காலத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். வெளியூரில் போய்த் தங்க நேர்ந்தால் அந்த வாடகைக்கும் கல்லூரி சொல்லும் வரம்புக்குள் 529 பணத்தைத் தரலாம். மேற்படிப்பு மாணவி என்பதால் அரசுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்ஸா படிவத்தில் உங்கள் வருமானத்தைக் காட்டத் தேவையில்லை, அவளே நிரப்பலாம். கூட்டு வருமானம் 1,80,000 டாலருக்குள் இருந்தால் வாழ்நாள் கற்றல் வரிச் சலுகையில் ஏதோ கொஞ்சம் கிடைக்கும், அதிகபட்சம் 2,000. ஆனால் 529-லிருந்து கட்டிய அதே கட்டணத்தை அதற்கும் காட்டக் கூடாது.

மாநிலப் பல்கலைக்கழகம் என்பதற்காக மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவும் வேண்டாம். ஏகோட் தளத்தில் அந்தப் படிப்பின் நிலையைப் பாருங்கள். முழு அங்கீகாரம் இருக்கிறதா, இன்னும் விண்ணப்ப நிலையில்தான் இருக்கிறதா என்று அதில் தெரியும். அங்கீகாரம் கிடைக்காமல் போன கல்லூரியில் படித்து முடித்தால் லைசென்ஸ் தேர்வே எழுத முடியாது. தேர்ச்சி விகிதத்தை என்பிசிஓடி தளத்தில் கல்லூரி வாரியாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டு கல்லூரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தின் விகிதம் மிகவும் கீழே இருந்தால் எனக்குத் திரும்ப எழுதுங்கள், அப்போது நான் சொன்னதை மறுபடி யோசிப்போம்.

டாக்டர் பட்டம் வேண்டும் என்று பின்னாளில் அவளுக்குத் தோன்றினால், வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற டாக்டரேட் இருக்கிறது. பல மருத்துவமனைகள் ஊழியரின் படிப்புக்கு வருடம் 5,250 டாலர் வரை வரியில்லாமல் தருகின்றன. அப்போது முழுச் செலவும் அவள் கையிலிருந்து போகாது.

சீட்டை உறுதி செய்யக் கட்டும் முன்பணம் பெரும்பாலும் திரும்பி வராது. அதனால் கட்டுவதற்கு முன் ஒரு மாலை மகளை உட்கார வைத்து, 590, 2,300 என்ற இரண்டு எண்களையும், அந்த 4,900-ஐயும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். உங்கள் கணவரும் கூட இருக்கட்டும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகிறவள் அவள்தான், கணக்கை முதலில் அவள் பார்க்கட்டும்.