மூன்றாவதாகக் குதிக்கும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. பள்ளி நீச்சல் அணியில் 4x50 ஃப்ரீஸ்டைல் ரிலேயில் (நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக ஆளுக்கு 50 மீட்டர் நீந்தும் போட்டி) மூன்றாவது ஆளாக நீந்துகிறான். "நாலு பேரில் வேகம் குறைந்தவனைத்தான் நடுவில் ஒளித்து வைப்பார்கள்" என்று என் கொழுந்தனார் அவன் முன்னாலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பையன் முகம் வாடிக் கிடக்கிறது. ரிலேயிலிருந்து எடுத்துவிடலாமா? நீச்சலெல்லாம் நம் ஜனங்களுக்கு ஒத்துவருமா?
- ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: எடுக்காதீர்கள் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கொழுந்தனார் சொன்னதில் பாதி உண்மை. வேகமானவர்களை முதலிலும் கடைசியிலும் விட்டு, மற்ற இருவரை நடுவில் போடும் பழக்கம் பல கோச்களிடம் உண்டு. ஆனால் "ஒளித்து வைப்பார்கள்" என்பது சுத்தத் தப்பு. ரிலேயில் யாரையும் ஒளிக்க முடியாது. நாலு பேருடைய நேரத்தையும் கடிகாரம் கூட்டித்தான் காட்டும், ஒருவர் விட்ட அரை நொடியும் அந்தக் கூட்டலுக்குள் வந்துவிடும்.

2004 ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 4x100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ரிலே இறுதிப் போட்டி. நம் தென்னாப்பிரிக்க அணியில் ரோலண்ட் ஸ்கூமன், லிண்டன் ஃபெர்ன்ஸ், டேரியன் டவுன்சென்ட், ரைக் நீத்லிங். அமெரிக்காவுக்கு மைக்கேல் ஃபெல்ப்ஸும் ஜேசன் லெசாக்கும், நெதர்லாந்துக்குக் கடைசி ஆளாக பீட்டர் வான் டென் ஹூகன்பான்டும் இருந்தார்கள். நம்மவர்கள் 3 நிமிடம் 13.17 நொடியில் முடித்து, உலக சாதனையோடு தங்கம் வாங்கினார்கள். நெதர்லாந்து 3:14.36, அமெரிக்கா 3:14.62.

இப்போது நாலு பேருடைய நேரத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். ஸ்கூமன் 48.17, ஃபெர்ன்ஸ் 48.13, டவுன்சென்ட் 48.96, நீத்லிங் 47.91. மூன்றாவதாகக் குதித்த டவுன்சென்ட்தான் நால்வரில் மெதுவானவர். உங்கள் மகன் நிற்கும் அதே இடம். அவருக்கு அப்போது 19 வயது, 20 ஆக இன்னும் 13 நாள் இருந்தது. பிறந்தது நம் டர்பனுக்குப் பக்கத்துப் பைன்டவுனில்.

டவுன்சென்ட் சுவரைத் தொட்டபோது நெதர்லாந்தைவிட நாம் 2.31 நொடி முன்னால் இருந்தோம். அப்புறம் குதித்த ஹூகன்பான்ட் தன் 100 மீட்டரை 46.79 நொடியில் முடித்தார். நீத்லிங் நன்றாகவே நீந்தியும் ஹூகன்பான்ட் 1.12 நொடியை மீட்டுக்கொண்டார். மிச்சம் இருந்தது 1.19 நொடி. மூன்றாவது ஆள் 48.96க்குப் பதிலாக 50.2 எடுத்திருந்தால் தங்கம் ஆம்ஸ்டர்டாமுக்குப் போயிருக்கும். நல்ல நீச்சல்காரருக்கும் அப்படி ஒரு நாள் வரும். அன்றைக்கே வந்தது. தொண்டை சரியில்லாமல் நீந்திய அமெரிக்காவின் இயன் குரோக்கர் முதல் 100 மீட்டருக்கு 50.05 நொடி எடுத்தார், ஸ்கூமனைவிட 1.88 நொடி பின்தங்கினார். மற்ற மூன்று அமெரிக்கர்களும் சேர்ந்து நம் மூவரைவிட 0.43 நொடி வேகமாகத்தான் நீந்தினார்கள். அது போதவில்லை.

இதை உங்கள் கொழுந்தனாரிடம் படித்துக் காட்டுங்கள். நால்வரில் மெதுவானவன் என்பது வேறு, மெதுவானவன் என்பது வேறு.

இன்னொன்றும் அவருக்குத் தெரிந்திருக்காது. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் ஒரே ஒரு கைமாற்றம்தான். நடுவில் இருப்பவனுக்கு இரண்டு. முன்னவன் சுவரைத் தொடும் கணத்தைப் பார்த்துக் குதிக்க வேண்டும். அப்புறம், தனக்குப் பின்னால் மேடையில் நிற்பவன் கணக்குத் தப்பாமல் குதிக்கும்படி, தலையைத் தூக்காமல், கடைசியில் மிதந்து போகாமல், முழு வேகத்தோடு சுவருக்கு வர வேண்டும். முன்னவன் தொடுவதற்குள் பின்னவனின் கால் மேடையை விட்டுவிட்டால் அணி முழுதும் வெளியே. பெரிய போட்டிகளில் மின்கருவி 0.03 நொடி வரைதான் பொறுத்துக்கொள்ளும். பயந்துகொண்டு தாமதமாகக் குதித்தால் நேரம் போகும். 13 வயதுப் பையனை நம்பி ஒரு கோச் இந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார் என்றால் அதை நான் மரியாதையாகத்தான் பார்க்கிறேன்.

சரி, "நம் ஜனங்களுக்கு ஒத்துவருமா" என்று கேட்டீர்களே, அதைப் படித்தபோது எனக்கு வலித்தது. கோபம் உங்கள் மேல் இல்லை. அந்தக் கேள்வியை நம் வாயில் யார் வைத்தார்கள் என்பதில்தான். இதே டர்பன் கடற்கரையில், இந்தக் குளிக்கும் இடம் வெள்ளையருக்கு மட்டும் என்று ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ், ஸூலு மூன்று மொழியிலும் எழுதிய பலகை நின்றது. கடற்கரைகளை எல்லாருக்கும் திறந்துவிட்டது 1989இல். பொது இடங்களை நிறம் பார்த்துப் பிரித்த 1953ஆம் ஆண்டுச் சட்டம் ஒழிந்தது 1990இல். என் அப்பா வாழ்நாள் முழுக்கக் கடலுக்கு ஐந்தாறு மைல் தூரத்தில் இருந்தவர். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதே இல்லை. "நமக்கு நீச்சல் வராதுடா" என்பார். அவருக்கு நீச்சல் வராமல் போகவில்லை, கற்றுக்கொள்ள ஒரு குளத்தை யாரும் அவருக்குத் திறந்துவிடவில்லை.

அந்தக் காலத்திலும் நம்மில் நீந்தியவர்கள் இருந்தார்கள். மோர்கன் நாயுடு தலைமையில் நிறம் பார்க்காத நீச்சல் சம்மேளனம் ஒன்று நடந்தது. நிறவெறி இருக்கும்வரை தென்னாப்பிரிக்காவைச் சர்வதேச நீச்சலில் சேர்க்கக் கூடாது என்று அவர்கள் போராடினார்கள். 1973இல் உலக நீச்சல் சம்மேளனம் நம் நாட்டை வெளியே தள்ளியது. நாயுடு மேல் அரசாங்கம் தடை உத்தரவு போட்டது. ஏதென்ஸில் நம் கொடி ஏறியதற்குப் பின்னால் அந்த மனிதர்கள் பட்ட பாடும் இருக்கிறது. அந்த நால்வரில் நம் இந்திய ஜனங்களில் ஒருவரும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதற்காகத்தான் உங்கள் பையன் தண்ணீரைவிட்டு வெளியே வரக் கூடாது என்கிறேன்.

2008இல் பெய்ஜிங்கில் அமெரிக்கா இதே ரிலேயைப் பிரான்சிடமிருந்து 0.08 நொடியில் பறித்தது. லெசாக் கடைசியில் துரத்திப் பிடித்ததைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். மூன்றாவதாக நீந்தியவர் கல்லன் ஜோன்ஸ், நேரம் 47.65. அந்த நால்வரில் அதுதான் அதிகம். பக்கத்துப் பாதையில் பிரெஞ்சுக்காரர் அவரைத் தாண்டிப் போனார், அவரோ விட்டுவிடாமல் ஒட்டிக்கொண்டே வந்தார். இன்னும் 10இல் ஒரு பங்கு நொடி பிந்தியிருந்தால் லெசாக்கின் நீச்சலும் வெள்ளிக்குத்தான் உதவியிருக்கும். ஜோன்ஸ் கறுப்பினத்தவர். ஐந்து வயதில் நீர்விளையாட்டுப் பூங்காவில் மூழ்கிச் சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தவர். அதற்கப்புறம்தான் அவரை நீச்சல் கற்க அனுப்பினார்கள். பின்னாளில் தன் இனத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் இயக்கத்திலும் இறங்கினார்.

தனிப் போட்டியிலும் பையனை விடுங்கள், இரண்டும் சேர்ந்தே போகட்டும். படிப்பு கெடும் என்று பயந்தால் பரீட்சை மாதத்தில் பயிற்சியைக் குறைக்கக் கோச்சிடம் கேளுங்கள். அடுத்த காலா (நீச்சல் போட்டி) நடக்கும்போது கைமாற்றம் நடக்கும் முனையில் போய் உட்காருங்கள், கையில் ஒரு நேரம் பார்க்கும் கருவி இருக்கட்டும். அவனுக்கு முன்னவன் சுவரைத் தொட்டதிலிருந்து அவன் தொடும்வரை உள்ள நேரத்தை மட்டும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அதற்கடுத்த காலாவிலும் எழுதுங்கள். கொழுந்தனாரையும் கூட அழைத்துப்போங்கள். நேரம் குறிக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள்.