ஸ்பியேதோ: வெண்ணெய் கருகாமல் கறி வேக

கேள்வி: வேலை நிமித்தமாக வடக்கு இத்தாலியின் பிரெஷாவில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டில் சாப்பிட்ட ஸ்பியேதோவை, அதாவது கம்பியில் கோத்துச் சுழலவிட்டுச் சுட்ட கறியை, சுழல்கம்பி உள்ள மின்சார அடுப்பில் செய்து பார்த்தேன். பன்றியின் முதுகுக்கறி, முயல், உருளைக்கிழங்கு ஆகியவற்றை இடையிடையே சேஜ் என்ற மணமூலிகையின் இலை வைத்துக் கோத்தேன். தொடக்கத்திலேயே வெண்ணெய் தடவி, 200 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தேன். மேலே கருகி, உள்ளே வறண்டு, கறி விறகாகிவிட்டது. சிறு பறவைகளைச் சேர்க்காததுதான் குறையா?

பதில்: பறவைகள் காரணமே இல்லை. ஒரு காலத்தில் அந்த மலையடிவார ஊர்களில் வேட்டையாடிய சிறு பறவைகளே இந்தக் கம்பியின் உயிர் என்பது உண்மை. ஆனால் இத்தாலியின் 1992ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் அவற்றின் விற்பனையைத் தடை செய்கிறது. பன்றி, கோழி, முயல், உருளைக்கிழங்கு இவற்றோடு மட்டுமே அருமையான ஸ்பியேதோ செய்யலாம். பறவைகளைத் தேடி அலையாதீர்கள்.

உங்கள் தவறு அவசரம். தணல்மேல் நான்கு முதல் ஆறு மணி நேரம் மெல்லச் சுழலும் உணவு இது. உங்கள் அடுப்பை 150 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். நான்கு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

அடுத்தது வெண்ணெய். வீட்டில் நெய் உருக்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். வெண்ணெயில் நீரும் பால்கசடும் இருக்கின்றன; கடும் சூட்டில் முதலில் கருகிக் கசப்பது அந்தக் கசடுதான். அப்படியானால் நெய்யையே ஊற்றலாமே என்று தோன்றும். வேண்டாம். கசடு மெல்லச் சிவக்கும்போது எழும் மணம்தான் ஸ்பியேதோவின் மணம். நெய்யில் அந்தக் கசடு இருக்காது. முதல் ஒரு மணி நேரம் எதையும் ஊற்றாமல் கறியின் மேற்பரப்பை உலர விடுங்கள். பிறகு உருக்கிய வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். வடிவது கீழ்த்தட்டில் சேரும். அதையே அள்ளி அள்ளி மறுபடி மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தட்டு கருகினால் எல்லாம் கெட்டது, ஆகவே அதன்மேல் நேரடிச் சூடு படக் கூடாது. உப்பும் வெண்ணெய்க்குப் பிறகுதான். முன்பே தூவினால் பாதி, வடியும் சாற்றோடு தட்டுக்குப் போய்விடும்.

கறித் தேர்விலும் ஒரு திருத்தம். முதுகுக்கறியில் கொழுப்பு குறைவு, நீண்ட நேரச் சூட்டைத் தனியாகத் தாங்காது. கொழுப்போடிய கழுத்துக்கறியையும் விலா எலும்புத் துண்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முயல் அதைவிட மெலிந்த கறி. அதன் இருபுறமும் கொழுப்புள்ள பன்றித் துண்டு வருமாறு கோத்துக்கொள்ளுங்கள். துண்டுகள் ஒன்றையொன்று தொட வேண்டும், நெருக்கிப் பிதுங்கக் கூடாது. உருளைக்கிழங்கைத் தடித்த வில்லைகளாக வெட்டுங்கள். மெலிந்தவை பாதி வழியில் பிளந்து விழும். சேஜ் இலைகளில் மட்டும் சிக்கனம் வேண்டாம், ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒன்று.

கத்தியால் குத்தினால் தடையின்றி இறங்கி, விலா எலும்பிலிருந்து கறி தானாக விலகினால் தயார். பக்கத்தில் பொலெந்தா, அதாவது மக்காச்சோள மாவைக் கிளறிய களி, சூடாக இருக்கட்டும். கீழ்த்தட்டில் நின்ற வெண்ணெய்ச் சாற்றை வடிகட்டி அதன்மேல் ஊற்றுங்கள். கம்பியிலிருந்து உருவியதும் பரிமாறிவிடுங்கள். ஆறினால் கொழுப்பு உறைந்துவிடும்.