30 டூலா, 10 டூலா? சைக்கிளுக்கு மல்டி டூல் வாங்கறதுக்கு முன்னாடி

கேள்வி: தினமும் வேலைக்கு 20 கிலோமீட்டர் சைக்கிள்லதான் போறேன். கியர், டிஸ்க் பிரேக் ரெண்டும் இருக்கு. போன வாரம் பாதி வழியில ஹேண்டில் லூசாகி, உருட்டிக்கிட்டே வந்தேன். பையில ஒரு மல்டி டூல் (பல டூல் ஒண்ணா மடிஞ்சிருக்குறது) வெச்சுக்கலாம்னு பாக்குறேன், 10 டூல் உள்ளது போதுமா இல்ல 30 உள்ளதே வாங்கிடலாமா?

10 போதும். ஆனா எந்த 10ங்கிறத உங்க சைக்கிள்தான் சொல்லணும், விக்கிறவர் இல்ல. சைக்கிள நல்ல வெளிச்சத்துல நிறுத்தி ஒவ்வொரு போல்ட்டா பாருங்க. முக்காவாசில ஆறு பக்க குழி இருக்கும், அதுக்கு ஆலன் கீ. 4, 5, 6 எம்எம் மூணு இருந்தாலே ஹேண்டில், சீட், பாட்டில் ஸ்டாண்டு, பிரேக் எல்லாம் பெரும்பாலும் அடங்கிடும். டிஸ்க்க பிடிச்சிருக்குற போல்ட்ல நட்சத்திர குழி இருந்தா அது டார்க்ஸ், அனேகமா டி25. கியர் பக்கத்துல இருக்குற குட்டி ஸ்க்ரூவுக்கு பிளஸ் ஸ்க்ரூடிரைவர் இல்லன்னா 2 எம்எம் ஆலன் கீ. கூட ஒரு செயின் கட்டர், செயின் அறுந்தா கண்ணிய பிடிச்சிருக்குற ஆணிய வெளிய தள்றதுக்கு. ஒரே வண்டிக்கு எதுக்குய்யா இத்தன வகை தலை, எல்லா கம்பெனியும் உக்காந்து பேசி ரெண்டே சைஸ்ல முடிச்சிருக்கலாம், வருஷா வருஷம் புதுசா ஒண்ண கொண்டு வந்து நம்ம பைய கனமாக்குறாங்க.

இப்ப அந்த 30 கணக்குக்கு வர்றேன், இதுலதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. ஸ்போக் (சக்கரக் கம்பி) டைட் பண்ற வெட்டு மூணு சைஸ்ல இருந்தா மூணு டூல், பாட்டில் ஓப்பனர் ஒரு டூல், 6 எம்எம் கீ மேல தொப்பி மாதிரி மாட்டி அத 8 எம்எம் ஆக்குற குப்பி தனியா ஒரு டூல், இப்படி எண்ணித்தான் 30 ஆக்குறாங்க. அந்த குப்பி முதல் மாசமே எங்கயாவது விழுந்து தொலைஞ்சிடும். மலிவான இரும்புல செஞ்சது இன்னும் மோசம், கீயோட முனை தேஞ்சு, போல்ட்டோட குழியையும் சேத்து வட்டமாக்கிடும், அப்புறம் துளை போட்டுத்தான் கழட்டணும், அந்த செலவுல நல்ல டூலே வாங்கியிருக்கலாம். பேர் தெரிஞ்ச பிராண்ட் மாதிரியே டப்பா அடிச்சு விக்கிற இடைத்தரகர் ஆன்லைன்ல நெறைய, "டாப் 10 டூல்"னு பட்டியல் போட்டு கமிஷன் லிங்க் குடுக்கறவங்கள்ல எத்தன பேர் அதால ஒரு போல்ட் கழட்டி பாத்திருப்பாங்க? பம்ப், பேட்ச், பை எல்லாம் சேத்த காம்போவும் வேணாம், அதுல டூல்தான் ரொம்ப மட்டமா இருக்கும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா பாருங்க. உங்க சக்கரம் லீவர தூக்கினா கழண்டு வர்ற மாதிரியா, இல்ல ரெண்டு பக்கமும் நட்டு போட்டதா? நட்டுன்னா அது பெரும்பாலும் 15 எம்எம், அத திருப்புற டூல் எந்த மல்டி டூல்லயும் அனேகமா கிடையாது, இருந்தாலும் அவ்ளோ குட்டி கைப்பிடிய வெச்சு அந்த நட்ட அசைக்க முடியாது. இது தெரியாம எல்லாம் வாங்கி வெச்சிட்டு, பஞ்சர் ஆனப்புறம் சக்கரத்த கழட்ட முடியாம நின்னவங்கள நானே பாத்திருக்கேன். நட்டு வண்டின்னா தனியா ஒரு 15 எம்எம் ஸ்பேனர் பையில இருக்கணும். அது இல்லாத அன்னிக்கு பஞ்சர் ஆச்சுன்னா சக்கரத்த கழட்டாமலே டயரோட ஒரு பக்கத்த மட்டும் டயர் லிவரால எடுத்து, ட்யூப அந்த இடத்துல வெளிய இழுத்து பேட்ச் ஒட்டலாம், ஓட்டை எங்கன்னு தெரிஞ்சா போதும்.

செயின் கட்டர் இருந்தா மட்டும் போதாது, அறுந்த செயின திரும்ப சேக்குற குயிக் லிங்க்ங்கிற இணைப்பு ஒண்ணு, உங்க பின்பக்க கியர் எண்ணிக்கைக்கு பொருந்துறதா, கூடவே வேணும். 9 ஸ்பீடுக்கு உள்ளது 11க்கு சேராது. செயின் கட்டரால வெளிய தள்ளின ஆணியயே திரும்ப அடிச்சு ஓட்டாதீங்க, ஏறி மிதிக்கிறப்ப விட்டுடும்.

வாங்கினதும் வீட்லயே ஒரு தடவ எல்லா போல்ட்டுக்கும் போட்டு பாருங்க, பாட்டில் ஸ்டாண்டு போல்ட்டுக்கும் சீட்டுக்கு அடியிலயும் டூலோட உடம்பு இடிச்சு நிறைய மாடல் திரும்பாது. திரும்பலன்னா தயங்காம ரிட்டர்ன் பண்ணிடுங்க.